கையெழுத்தில்லாத ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வேட்டையைப் பற்றி இனி யாராவது என்னிடம் வாயைத் திறந்தால், கையிலிருக்கும் பால் வாளியை அவர் தலையில் கவிழ்த்துவிடுவேன். சும்மா சொல்லவில்லை. இத்தனை வருஷமாக எங்கள் பக்கம் இதே பேச்சு. தேவாலய வாசலில், தீவனக் கடையில், பல் டாக்டர் நாற்காலியில்கூட. பல்லைப் பிடுங்கிக்கொண்டே, "வெல்மா, நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டார் அந்த மனிதர். வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு நான் எந்தக் கட்சியைச் சொல்வது?

என் கட்சி ரொம்பச் சுலபம். முப்பத்தெட்டு கறவை மாடு. காலை நாலரைக்கு ஒரு தடவை, மாலை நாலரைக்கு ஒரு தடவை. மாட்டுக்குக் கிறிஸ்துமஸும் தெரியாது, எனக்குக் காய்ச்சல் என்பதும் தெரியாது. என் புருஷன் ஹார்லனுக்கு இடுப்பெலும்பு தேய்ந்துபோய்க் குனிய முடியாது. எனக்கு அறுபத்திரண்டு. நவம்பர் கடைசியில் மான் சீசன் தொடங்கிவிட்டால் இரண்டு வாரத்துக்குக் காடு முழுக்க வெடிச்சத்தம். மாடுகளை வெளியே விட முடியாது, கொட்டிலிலேயே கட்டிப்போட வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன் நகரத்துக்காரன் ஒருவன் எங்கள் மாடு பட்டர்கப்பை மான் என்று நினைத்துச் சுட்டான். கறுப்பும் வெள்ளையுமாக அறுநூறு கிலோ, கழுத்தில் மணி வேறு. மானாம்! அடுத்த வருஷம் ஹார்லன் ஒவ்வொரு மாட்டின் விலாவிலும் பெயிண்டால் 'மாடு' என்று பெரிதாக எழுதினார். ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த இரண்டு வாரத்தில் ஞாயிறு மட்டும்தான் விடுதலை. பென்சில்வேனியாவில் ஞாயிற்றுக்கிழமை மானைச் சுடக் கூடாது என்பது என் தாத்தாவுக்குத் தாத்தா காலத்துச் சட்டம். தேவாலயம் முடிந்து வந்து மாடுகளை அவிழ்த்து விடுவேன். அதுகள் குதித்துக்கொண்டு ஓடும். நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நாலு மணிவரை சமையலறை ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒன்றும் செய்ய மாட்டேன். அந்த மூன்றரை மணி நேரம்தான் என் சொத்து.

அதற்குத்தான் வந்தது வினை.

இரண்டு வருஷத்துக்கு முன், பனி உருகின பிறகு, தீயணைப்பு நிலைய ஹாலில் கூட்டம் போட்டார்கள். ஞாயிறு வேட்டையை அனுமதிக்கலாமா என்று ஊரார் கருத்தைக் கேட்க ஒரு சட்டசபை உறுப்பினர் வந்திருந்தார். பன்றித் தொடைக்கறியும் பீன்ஸும் போட்டுச் சாப்பாடு. எண்பது பேர். சாப்பாடு முடிந்ததும் என் தம்பி எல்வுட் எழுந்து நின்றான். எனக்கு ஒரே தம்பி, என்னைவிட ஐந்து வயது சின்னவன். நெடுஞ்சாலையோரம் இருக்கிற சரக்குக் கிடங்கில் வேலை. ஜனங்கள் கம்ப்யூட்டரில் வாங்கும் சாமானைப் பெட்டி கட்டி அனுப்புகிற இடம். நாலு பேர் முன் பேசிப் பழகாதவன், தொப்பியைக் கசக்கிக்கொண்டே பேசினான்.

"மான் சீசன் வர்றப்பதான் எங்க கிடங்குலயும் சீசன். கிறிஸ்துமஸ் சாமான். வாரத்துல ஆறு நாள், தினம் பத்து மணி நேரம், கட்டாயம். லீவு கேட்டா வீட்டுக்குப் போன்னுடுவான். மூணு வருஷமா எங்கப்பா துப்பாக்கிய எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைச்சு, திரும்ப அலமாரிக்குள்ளயே வச்சிட்டிருக்கேன். எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு ஞாயிறுதான். அதையும் பூட்டி வச்சிருக்கீங்க."

அவ்வளவுதான் சொன்னான். முகம் சிவந்துபோய் உட்கார்ந்தான். அடுத்து நான் எழுந்தேன்.

"எனக்கும் அந்த ஒரு ஞாயிறுதான் இருக்கு," என்றேன். "ஆறு நாள் குடுத்தாச்சு. ஏழாவதையும் குடுன்னா என்னய்யா நியாயம்? சட்டம் வரட்டும், நான் என் நிலத்தைப் பூட்டறேன். ஞாயித்துக்கிழமை என் மண்ணுல ஒருத்தன் துப்பாக்கியோட கால் வைக்கக் கூடாது. என் கூடப் பொறந்தவனா இருந்தாலும் சரி!"

மேஜையை வேறு ஓங்கித் தட்டினேன். விவசாயிகள் எல்லாம் எழுந்து கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. கடைசி வரியைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்துக்கூடப் போகவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. கொட்டின பாலை அள்ள முடியுமா? திரும்பிப் பார்த்தபோது எல்வுட் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

அந்த வார்த்தை எவ்வளவு கெட்ட வார்த்தை என்று எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அப்பா தான் இருக்கும்போதே வீட்டையும், மேட்டுக்காட்டோடு சேர்த்து நிலத்தையும் எனக்கு எழுதிவைத்தார், பால் கறக்க நின்றவள் நான் என்பதால். எல்வுட்டுக்குக் கிடைத்தது அவருடைய துப்பாக்கியும் ஒரு வாய் வார்த்தையும். "மேட்டுக்காடு உன் காடுடா. உன் கால் நடக்கற வரைக்கும் நீ அங்க வேட்டையாடு." நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

சட்டம் வந்தது. வருஷத்தில் மூன்றே மூன்று ஞாயிறு திறந்துவிட்டார்கள், அதில் ஒன்று மான் சீசனில். விவசாயிகள் வாயை அடைக்க ஒரு நிபந்தனையும் போட்டார்கள். மற்ற நாளென்றால் வாய் வார்த்தை போதும். ஞாயிறென்றால் நிலத்துக்காரர் கையெழுத்துப் போட்ட காகிதம் வேட்டைக்காரன் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பழக்கத்துக்கு இது புதுசு. நிலத்துக்கு அனுமதி என்றால் ஒரு தடவை வாயால் கேட்பது, ஒரு தடவை கை குலுக்குவது. ஆயுசுக்கும் செல்லும். நன்றிக்கு வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு, மான் இறைச்சியில் புகைபோட்டுச் செய்த சாசேஜ் ஒரு வளையம் வீடு தேடி வரும். சொந்த பந்தத்துக்குள் அந்தக் கேள்விகூடக் கிடையாது. அக்காவிடம் போய், "இந்தாக்கா, கையெழுத்துப் போடு" என்று காகிதத்தை நீட்டுவது, பெற்ற தாயிடம் சோற்றுக்கு ரசீது கேட்பது மாதிரி. எல்வுட் கேட்கவில்லை. நான் கூப்பிட்டுக் கொடுக்கவும் இல்லை. ஊர் முன்னால் அப்படிப் பேசிவிட்டு எந்த முகத்தோடு கொடுப்பது? அவன் வந்து கேட்கட்டும் என்று நான் இருந்தேன். அவளே தரட்டும் என்று அவன் இருந்தான். எங்கள் வம்சத்தில் யாராக இருந்தாலும், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

சொன்ன சொல்லுக்காக எல்லை முழுக்க மஞ்சள் போர்டு அடித்தேன். 'அத்துமீறக் கூடாது. வெல்மா ட்ரெக்ஸ்லர்.' நாற்பத்தாறு போர்டு. சுத்தியலால் கட்டை விரலிலும் ஒன்று வாங்கிக்கொண்டேன். எல்வுட் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்தினான். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. முதல் வருஷம் திறந்த ஞாயிறு வந்தது, போனது, அவன் மலைப்பக்கமே ஏறவில்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் இருந்தேன். நிம்மதி வந்ததா என்று கேட்காதீர்கள்.

இது இரண்டாவது வருஷம். வியாழக்கிழமை நன்றித் திருநாள் விருந்துக்குப் போன் பண்ணிக் கூப்பிட்டேன். "டபுள் ஷிப்ட்" என்றான். "சரி" என்றேன். எங்கள் பேச்சு அந்த அளவுக்கு வந்திருந்தது.

திறந்த ஞாயிறன்று தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் காலத்து முதல் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நான் பாதி நேரம் தூங்கினேன். வீட்டுக்கு வந்து, மிஞ்சின வான்கோழியைப் போட்டு மாவுத்துண்டுக் குழம்பு வைத்தேன். வெளியே தூரத்தில் வெடித்துக்கொண்டே இருந்தது. கொட்டிலில் மாடுகள் கத்தின. ஞாயிறென்று அதுகளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

ஹார்லன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்னார். "வெல்மா, மேட்டுக்காட்டு அடியில, ஊற்றுக்குப் பக்கத்துல ஒரு செவப்பு வண்டி நிக்குது."

"யாரோடது?"

"யாரோடதுன்னு உனக்குத் தெரியும். மொதல்ல குழம்பைச் சாப்பிடு."

சாப்பிடவில்லை. எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. ஒரு வருஷம் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, இப்போது திருடன் மாதிரி என் போர்டைத் தாண்டி ஏறியிருக்கிறான்! தேவாலயத்துக்குப் போட்ட கோட்டின் மேலேயே, மான் என்று யாரும் சுட்டுவிடாமலிருக்க சீசனில் எல்லாரும் போடுகிற ஆரஞ்சுச் சட்டையை மாட்டினேன்.

"ஏய், மெதுவாப் பேசு," என்றார் ஹார்லன். "அவன் கையில துப்பாக்கி இருக்கு."

"என்கிட்ட நாக்கு இருக்கு. நீங்க சும்மா இருங்க."

மேட்டுக்காடு ஏற இருபது நிமிஷம். முன்பெல்லாம் பத்து. ஏறும்போது திட்டை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். 'கேக்கறதுக்கு வாய் இல்ல, தாண்டறதுக்கு மட்டும் கால் இருக்கா?' என்று ஆரம்பிக்கலாம். 'ஊருக்கு முன்னாடி என் பேச்சுக்கு என்னடா மரியாதை?' அடுத்தது. நடுநடுவே மூச்சு வாங்க நின்றேன். நிற்கிற இடத்திலெல்லாம் என் பெயர் போட்ட மஞ்சள் போர்டு என்னையே முறைத்தது.

காட்டு நடுவில் அப்பா கட்டின பரண் இருக்கிறது. நாலு கால், மேலே பலகைப் பெட்டி, தகரக் கூரை, உள்ளே பழைய காரிலிருந்து கழற்றிய இருக்கை. கீழே நின்று, "டேய் எல்வுட்!" என்றேன்.

பதில் இல்லை. "டேய்! அங்கதான இருக்க?"

சத்தமே இல்லை. அப்போதுதான் அப்பா ஞாபகம் வந்தது. அவர் போனது ஐம்பத்தொன்பது வயதில், இதே மாதிரி உட்கார்ந்த இடத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. எல்வுட்டுக்கு ஐம்பத்தேழு. ஏணியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ.

தலையை உள்ளே நீட்டினேன். குறட்டை கேட்டது.

வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். தொப்பி மூக்குவரை இறங்கியிருந்தது. இரண்டு மணிக்கட்டிலும் பட்டை கட்டியிருந்தான். விரல் நுனிகளிலெல்லாம் அட்டைப்பெட்டி கீறின கோடு, சிலதில் ஒட்டுத்துணி. தாடி எப்போது இப்படி வெளுத்தது? அப்பாவின் துப்பாக்கி மூலையில் சாய்ந்திருந்தது. அதில் தோட்டா போடவில்லை. ஐந்து தோட்டாவையும் ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிற்க வைத்திருந்தான். காகிதம் இல்லாமல் அதை உள்ளே போட அவனுக்கு மனசு வரவில்லை என்று எனக்குப் புரிந்தது. வேலி தாண்டிவிட்டான், அதற்கு மேல் முடியவில்லை. அசடு.

ஒத்திகை பார்த்த திட்டில் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். மெதுவாக இறங்கி, ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

எவ்வளவு நேரம் போனதோ, எதிரே ஓக் மரத்தடியில் ஒரு கிடா மான் வந்து நின்றது. எண்ணிப் பார்த்தேன், எட்டுக் கிளைக் கொம்பு. முப்பது அடி தூரம்கூட இல்லை. விழுந்த கொட்டைகளைக் காலால் கிளறித் தின்றது, மேலே கேட்ட குறட்டைக்குக் காதை ஆட்டியது, தன் பாட்டுக்குப் போய்விட்டது. எழுப்பலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எழுப்பவில்லை.

அதன் பிறகுதான் ஸ்பாட்ஸ் வந்தார். எங்கள் வட்டாரத்து வேட்டைக் காவல் அதிகாரி. பச்சைச் சீருடை, கையில் நோட்டு.

"மிஸஸ் ட்ரெக்ஸ்லர்! நீங்களே இங்க இருக்கீங்களா? பக்கத்துப் பண்ணை வெட்சல் போன் பண்ணினார். உங்க போர்டைத் தாண்டி ஒரு வண்டி நிக்குது, உடனே வாங்கன்னார்."

"மெதுவாப் பேசுங்க. தூங்கறான்."

அவர் மேலே எட்டிப் பார்த்தார். "எல்வுட் பௌஷர்தானே? காகிதம் இருக்கா?"

"தூங்கறவனுக்கு எதுக்குக் காகிதம்?"

"துப்பாக்கி, ஆரஞ்சுச் சட்டை, பரண், மான் சீசன். தூங்கினாலும் நீதிபதிக்கு இது வேட்டைதான். காகிதம் இல்லேன்னா லைசென்ஸ் போயிடும். ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ." நோட்டைத் திறக்காமலே தட்டினார். "அன்னைக்கு ஹால்ல நானும் இருந்தேன். நீங்க மேஜையத் தட்டினதுல என் காப்பி கொட்டிச்சு. கூடப் பொறந்தவனா இருந்தாலும்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்ப காகிதம் இல்ல."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் பேச்சு நிற்கும், என் ஞாயிறு நிற்கும், ஊரில் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. தம்பிதான் இருக்க மாட்டான். இப்போதே அரைத் தம்பிதான் மிச்சம்.

"இருக்கு," என்றேன்.

ஸ்பாட்ஸ் நோட்டைக் கக்கத்தில் இடுக்கினார். அவருக்கும் அன்று விடிவதற்கு முன்பிருந்து அலைச்சல். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "காகிதம் அவர் உடம்புலதான் இருக்கணும், உங்க வாயில இல்ல," என்றார். பிறகு பெருமூச்சு விட்டு, "நான் அந்தப் பக்கம் ஏதோ தடம் பார்த்தேன். அதைப் பார்த்துட்டு அஞ்சு நிமிஷத்துல வர்றேன்," என்று மரங்களுக்குள் போனார்.

கோட்டுப் பையைத் துழாவினேன். காலையில் தேவாலயத்தில் கொடுத்த தாள் இருந்தது. ஒரு பக்கம் பாட்டு எண்கள், சுகமில்லாதவர்கள் பட்டியல். அதில் ஹார்லனின் இடுப்பும் உண்டு. மறுபக்கம் வெள்ளை. பால் கணக்குப் பென்சிலும் பையில் கிடந்தது. முட்டிமேல் வைத்து எழுதினேன். 'என் தம்பி எல்வுட் பௌஷர் என் நிலத்தில் ஞாயிற்றுக்கிழமை வேட்டையாட எனக்குச் சம்மதம். வெல்மா ட்ரெக்ஸ்லர்.' எழுத்துக் கோணலாகப் போனது. திரும்பவும் ஏணியில் ஏறினேன்.

அவன் எழுந்துவிடாமல், இரண்டு விரலால் மேல்சட்டைப் பையைத் திறந்து தாளைச் செருகப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. ஏற்கெனவே ஏதோ மடித்து வைத்திருந்தான். உருவினேன்.

வேட்டைத் துறை அச்சடித்த அனுமதிப் படிவம். மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்து, ஒட்டு நாடா போட்டிருந்தது. அவனுடைய கிறுக்கலான பெரிய எழுத்து. வேட்டைக்காரர் பெயர், எல்வுட் பௌஷர். நிலத்துக்காரர் பெயர், வெல்மா ட்ரெக்ஸ்லர். உறவு என்று படிவத்தில் கேட்கவே இல்லை. ஆனாலும் ஓரத்தில் 'அக்கா' என்று எழுதியிருந்தான். எல்லாம் நிரப்பியிருந்தது, கையெழுத்துக் கோடு மட்டும் காலி. தேதியைப் பார்த்தேன். போன வருஷம், நவம்பர்.

ஒரு வருஷம். வேலைக்கும் இதையேதான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போயிருப்பான். எத்தனை தடவை எங்கள் வாசல்வரை வந்து திரும்பினானோ. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, கேட்டால் தரலாம், கேட்டால் தரலாம் என்று ராணி மாதிரி காத்திருந்தேன். என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அந்தக் கோட்டின்மேல் பென்சிலை அழுத்திக் கையெழுத்துப் போட்டேன். மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். தேவாலயத் தாளை என் பையில் போட்டுக்கொண்டேன்.

ஸ்பாட்ஸ் திரும்பி வந்தார். "இருக்கா?"

"போன வருஷத்துலேருந்து அவன்கிட்டதான் இருந்திருக்கு," என்றேன். "வேணும்னா ஏறிப் பாருங்க."

அவர் ஏறவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முழங்கால் வலிக்குது," என்றார், தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு நானும் இறங்கினேன். பால் கறக்க ஆரம்பித்து மூன்றாவது மாட்டில் இருக்கும்போது ஹார்லன் கொட்டில் வாசலில் வந்து நின்றார்.

"வெட்சல் போன் பண்ணினான். வந்த ஸ்பாட்ஸ் சும்மா திரும்பிட்டாராமே. உங்க பேச்சு அவ்வளவுதானா, ஞாயித்துக்கிழமைக்கு நிலத்தைத் திறந்தாச்சா, அப்ப எங்களுக்கும் காகிதம் உண்டான்னு கேக்கறான்."

"திறக்கலேன்னு சொல்லுங்க. தம்பிக்குப் படுக்க எடம் குடுத்திருக்கேன்னு சொல்லுங்க."

"சிரிப்பான்."

"சிரிக்கட்டும். இன்னும் ஒரு வருஷம் இதைப் பேசிட்டிருப்பாங்க. எனக்குச் சண்டை போடத் தெம்பில்ல."

இருட்டுகிற நேரத்துக்கு எல்வுட் வந்தான். துப்பாக்கியை வண்டியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். கன்னத்தில் கார் இருக்கையின் தையல் பதிந்திருந்தது. என்னைப் பார்க்காமல், சின்ன வயதிலிருந்து செய்கிற மாதிரி, அடுத்த மாட்டின் மடியைத் துடைக்க உட்கார்ந்தான். கை பழக்கத்தை மறக்கவில்லை.

"போன வருஷம் ரோட்டோரம் வண்டியிலயே உக்காந்துட்டுத் திரும்பிட்டேன்க்கா," என்றான் மாட்டிடம் சொல்வது போல. "இந்த வருஷம் கால் தானா ஏறிடுச்சு. உக்காந்தேன், அவ்வளவுதான், கண்ண மூடிட்டேன். தப்புதான்."

"தெரியும். குறட்டை அடிவாரம் வரைக்கும் கேட்டுச்சு."

அவன் கை நின்றது. மெல்ல மேல்சட்டைப் பைக்குப் போனது. படிவத்தை எடுத்து விரித்து, கொட்டில் விளக்கில் பிடித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். நான் வாளியைக் கழுவிக்கொண்டே இருந்தேன். ஏற்கெனவே கழுவின வாளி.

"நீ மேல வந்தியா?" குரல் ஒரு மாதிரி இருந்தது.

"வந்தேன்."

மூக்கை உறிஞ்சினான். படிவத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தான். மறுபடி மடியைத் துடைத்துக்கொண்டே, "மான் ஏதாவது வந்துச்சாக்கா?" என்றான்.

"வந்துச்சு. எட்டுக் கொம்பு. முப்பது அடியில."

"அடக் கடவுளே! எட்டா? எழுப்பியிருக்கலாம்ல!"

"எதுக்குடா எழுப்பணும்," என்றேன். "ஞாயித்துக்கிழமையாச்சே. தூங்கட்டும்னு விட்டேன்."